மேலே தூக்கினால் நிற்கும்

மகன் வீட்டில் புதிதாக மாட்டிய மின்சாரப் பெட்டியில் குமிழை மேலே தள்ளினால் கரண்ட் வருகிறது. சுவர்ச் சுவிட்சையோ கீழே அழுத்த வேண்டும். நாற்பது வருஷம் ஒயர்மேனாக இருந்தவன் அதன் முன்னால் தடுமாறி நிற்பதைப் பார்த்துப் பேத்தி சிரிக்கிறாள். எனக்கோ, நம்புவீர்களா, மூக்கில் புளித்த காப்பிப் பழத்தோல் வாடை அடிக்கிறது.

அறுபதுகளில் பெருமாள்மலைக்குப் பக்கத்தில் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தேன். பழம் குவிந்து கிடந்த நேரம் பார்த்து, தோலுரிக்கும் மிஷினின் பெரிய சுவிட்சு கருகிப்போனது. மதுரையிலிருந்து புதுசு வரப் பதினைந்து நாளாகும். பழம் அதுவரை தாங்காது. நானே செய்கிறேன் என்றேன். இருபத்திரண்டு வயதுத் திமிர். செம்புத் தகட்டை அறுத்து, கடப்பைக் கல்லில் பொருத்தி, கோடாலிக் காம்பில் கைப்பிடி வைத்தேன். வீட்டுச் சுவிட்சைப் போலவே கீழே இறக்கினால் ஓடும், மேலே தூக்கினால் நிற்கும். மிஷின் ஓடியதும் மீசையைத் தடவிக்கொண்டேன். மீசை அப்போது சரியாக முளைத்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் மிஷினில் பழம் சிக்கியது. மேஸ்திரி முருகையா கைப்பிடியைத் தூக்கிவிட்டு அங்கேயே நின்றார். அவர் மனைவி செல்லம்மா உள்ளே கை விட்டாள். வாசலில் லோடு லாரி கிளம்பியது. மிஷினும் ஓடியது. இரண்டு விரல்கள் போயின.

"நான் தொடவே இல்லைங்க" என்றார் முருகையா.

"பின்ன தானாவா எறங்கும்?" என்றார் மானேஜர். நானும் அப்படித்தான் நினைத்தேன். முருகையாவுக்கு வேலை போயிற்று. இருவரும் மலையிறங்கினார்கள்.

ஒரு வாரம் கழித்து, லாரி கிளம்பிச் சுவர் அதிர்ந்தபோது, யாருமே அருகில் இல்லாமல் கைப்பிடி என் கண்ணெதிரே தானாக இறங்கியது. இனித் தானாக இறங்கினாலும் மிஷின் நிற்கும்படி, கல்லைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினேன். மானேஜரிடம் சொன்னேன்.

"போனவங்க போயிட்டாங்க. சோலியப் பாரு."

என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு மாதம் அலைந்தேன். பிறகுதான் அவர்களைத் தேடி ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போனேன். முருகையா வெங்காய மூட்டை சுமந்துகொண்டிருந்தார். சொன்னதும் மூட்டையை இறக்கிவிட்டு என்னையே பார்த்தார்.

"அப்ப நான் தொடலயா தம்பி? நெசமாவா? எல்லாரும் சொல்லச் சொல்ல, தொட்ட மாதிரியே எனக்கு ஞாபகம் வருதே... அவகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிருங்க. எங்கூடப் பேச மாட்டேங்குறா."

பக்கத்திலேயே செல்லம்மா இடது கையால் வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள்.

"இத ஏன் தம்பி வெள்ளனே வந்து சொல்லல?"

அவள் கஞ்சித் தூக்கை மெல்லக் கணவர் பக்கம் நகர்த்தினாள்.

அந்தத் தோட்டம் இப்போது தங்கும் விடுதி. மிஷின் கொட்டகை நின்ற இடத்தில் கார்களை நிறுத்துகிறார்கள். மானேஜரும் இல்லை, அந்தத் தம்பதியும் இல்லை. முருகையா தொடவில்லை என்று சொல்ல என்னைத் தவிர ஆளில்லை, கேட்கத்தான் யாருமில்லை.