பக்கத்து வீட்டுப் பந்தாட்டமும் என் பிள்ளையாரும்

இன்று காலை பிள்ளையாரின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

நாங்கள் வந்து குடியேறிய கிளேட்டனில் எங்கள் பக்கத்து வீட்டு ரோசாவும் அவள் புருஷன் கார்லோசும் உருகுவே நாட்டுக்காரர். அவர்கள் ஊர்ப் பந்தாட்டத்தில் இந்த வருடம் இரண்டு அணிகள் சமப் புள்ளிகளில் நின்றன. ஒன்று ரோசாவுக்குப் பிடித்த அணி, மற்றது கார்லோசுக்குப் பிடித்தது. கடைசி ஆட்டமும் அவை இரண்டுக்கும் இடையில்தான்.

வெள்ளிக்கிழமை ரோசா வந்தாள். என் பேத்தி கெட்டிக்காரி, அவர்கள் பாஷையும் படித்தவள். ரோசா கேட்டதை அவள்தான் எனக்குத் தமிழில் சொன்னாள்:

"அம்மம்மா, கார்லோசின்ரை அணி வெல்ல விளக்கேத்தட்டாம். இஞ்ச வந்த பிறகு அவர் சிரிக்கிறதே இல்லையாம். அவருக்குச் சொல்ல வேண்டாமாம்."

ஏற்றினேன்.

நேற்று கார்லோஸ் வந்தான்.

"ரோசான்ரை அணிக்கு ஏத்தட்டாம் அம்மம்மா. அவவின்ரை அப்பா அங்கை படுக்கையிலையாம், அவர் சந்தோசப்படட்டாம். அவவுக்குச் சொல்ல வேண்டாமாம்."

மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்கும் ஏற்றினேன்.

இன்று காலை அவர்கள் வீட்டு ரேடியோவில் முடிவு வந்தது. இரண்டு அணிக்கும் வெற்றியில்லை. அடுத்த கிழமை மறுபடியும் ஆட வேண்டுமாம்.

வேலிக்கு அப்பால் இருவரும் ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டு நின்றார்கள். அவன் தோளுக்கு மேலால் ரோசா எனக்குக் கண்ணைக் காட்டினாள். அவள் உள்ளே போனதும் அவனும் காட்டினான். காட்டிவிட்டுச் சிரித்தான்.

அடுத்த கிழமை நான் யாருக்கு விளக்கேற்ற? பிள்ளையார் பேசுகிறாரில்லை, நீங்களாவது சொல்லுங்கள்.