விண்ணப்பத்தில் குடித்த அப்பா

இந்த ஊரில் யாரும் யாருடைய அப்பாவையும் விசாரிப்பதில்லை. மழையைப் பற்றிப் பேசுவார்கள், பஸ் பிந்தியதைப் பற்றிப் பேசுவார்கள், அதோடு சரி. எங்கள் கண்டி மஹய்யாவையில் என்றால், வீட்டைவிட்டு இறங்கிப் பஸ் ஏறுவதற்குள் நான்கு பேராவது "அப்பா வேலைக்குப் போயிட்டாரா?" என்று கேட்டுவிடுவார்கள். ஸ்கொட்லாந்துக்கு வந்த முதல் மாதம் அந்தக் கேள்வி இல்லாமல் வெறிச்சென்று இருந்தது. நான் எம்.பி.ஏ. படிக்கும் இடத்தில், அனுமதி அலுவலகத்து ஃபியோனா மட்டும் விலக்கு. என்னைக் கண்டால் நின்று, குரலைத் தணித்து, "அப்பா எப்படி இருக்கிறார்?" என்பார். "நன்றாக இருக்கிறார், விடியுமுன்பே வேலைக்குப் போய்விடுகிறார்" என்பேன். உடனே அவருக்குக் கண் கலங்கும். "எவ்வளவு பெரிய விஷயம்" என்பார். பேக்கரியில் பாண் போடுகிறவர் வேறெப்போது போவார் என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன். இப்படி ஒரு மேடம் விசாரிக்கிறார் என்று வீட்டுக்கும் சொன்னேன். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

என் பட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாதாரண சித்தி, வகுப்பு எதுவுமில்லாத வெறும் பாஸ், அதுவும் மூன்று பாடங்களைத் திரும்ப எழுதி. யார்மேலும் பழி போட வழியில்லை. விரிவுரைக்குப் போகாமல் கம்பளையில் தெரிந்தவன் ஒருவனின் போன் கடையில் அரட்டை அடித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஆறு வருடம் ஒரு கொம்பனியில் விற்பனை வேலை பார்த்தபோதுதான் புத்தி வந்தது. புள்ளி குறைந்ததற்கு விளக்கம் எழுத விண்ணப்பத்தில் ஓர் இடம் உண்டு. "நான் படிக்கவில்லை, குற்றம் என்னுடையது, அதன்பிறகு செய்த வேலையைப் பாருங்கள்" என்று ஒரு பக்கம் எழுதி சுரேனிடம் கொடுத்தேன். சுரேன் முதலாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன். இப்போது கண்டி டவுனில் வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பம் அனுப்பும் அலுவலகம் வைத்திருக்கிறான். "இங்கிலீஷ மட்டும் திருத்தி நானே அனுப்புறேன் மச்சான்" என்றான். நான் திரும்ப வாசித்துப் பார்க்கவில்லை. சுரேன் அல்லவா!

போன மாதம் ஃபியோனா, மாணவர் விருந்தில் என் கதையைப் பேச முடியுமா என்று கேட்டு விண்ணப்பத்தோடு போன அந்த விளக்கக் கட்டுரையின் பிரதியை நீட்டினார். நின்றபடியே வாசித்தேன். என் அப்பா குடிகாரராம். பரீட்சைக்கு முதல் நாள் என் பாடக் கொப்பிகளைத் தெருக்கானின் சாக்கடை நீரில் வீசினாராம். என் வலக்கையைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினாராம். வீங்கிய கையோடு எழுதியதால்தான் புள்ளி குறைந்ததாம்.

அந்தக் கையை எனக்குத் தெரியும். அது சுரேனுடைய கை. பள்ளிக்கூட நாளில், சாதாரண தரப் பரீட்சைக்கு முதல் நாள் பின்னேரம், அவனுடைய அப்பா குடித்துவிட்டுச் செய்த வேலை அது. எங்கள் வீட்டுக்குத்தான் ஓடி வந்தான். தான் உடுத்தும் சாரத்தைக் கிழித்து அந்தக் கைக்குக் கட்டுப் போட்டவர் என் அப்பா. பரீட்சை முடியும்வரை அவனை எங்களோடு வைத்துக்கொண்டார். காலையில் பேக்கரியிலிருந்து சூடாகப் பணிஸ் கொண்டுவந்து, அவனுக்கு மட்டும் பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பார். கோயில் திருவிழாவில்கூட ஒரு சொட்டுத் தொடாத மனிதர்.

அன்றே சுரேனுக்கு அழைத்தேன்.

"எங்கப்பாவ ஏண்டா அப்புடி எழுதுன?"

"ஒன் ரிசல்ட்டுக்கு வேற எவன் மச்சான் சீட் தருவான்? படிக்கலன்னு எழுதுனா தூக்கிப் போட்ருவான்."

"ஒனக்குக் கட்டுப் போட்டவருடா அவரு."

 "அவருக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே" என்றான்.

என்னை ஏமாற்றியிருந்தால் பொறுத்திருப்பேன். என் அப்பாவின் கையால் தின்றவன், தன் அப்பாவின் பாவத்தை அவர் தலையில் கட்டியதைத்தான் தாங்க முடியவில்லை. இதை வாசிக்கிறவர்களில் யாராவது இப்போது விண்ணப்பம் அனுப்பக் காத்திருந்தால், தயவுசெய்து ஒரு தரம் வாசித்துவிட்டு அனுப்புங்கள்.

"அது பொய். என் அப்பா குடித்ததே இல்லை" என்று ஃபியோனாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அடிபட்ட பிள்ளைகள் பெற்றவரைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள். நீங்கள் வெட்கப்பட வேண்டாம்" என்றார். நான் மறுக்க மறுக்க அவருக்கு இரக்கம் கூடிக்கொண்டே போனது. மஹய்யாவையில் என்றால் தெருவே சாட்சி சொல்லும். இங்கே அப்பாவுக்கு நான் ஒருவன்தான் சாட்சி, என் பேச்சும் எடுபடவில்லை. கடைசியில், கட்டுரை பொய்யென்றால் எழுத்தில் கொடுங்கள், ஆனால் உங்கள் அனுமதியை முதலிலிருந்து பரிசீலிக்க வேண்டிவரும் என்றார்.

கடிதத்தை அன்றைக்கே எழுதிவிட்டேன். பதினாறு நாளாகப் பையிலேயே இருக்கிறது. அந்த அலுவலகத்தைத் தினமும் கடந்துதான் வகுப்புக்குப் போகிறேன். சுரேனைத் துரோகி என்று சொல்ல எனக்கிருந்த உரிமை நாளுக்கு நாள் குறைந்து வருகிறது.

நேற்று அப்பா வீடியோவில் வந்தார். வேலை முடிந்து குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். "சுரேன் வந்துட்டுப் போனான். பாவம், மொகமே சரியில்ல. பணிஸ் குடுத்து அனுப்புனேன்" என்றார். இங்கே ஒரு ஃபைலுக்குள் குடித்துக்கொண்டிருப்பவருக்கும் அங்கே சட்டை போட்டு உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே பெயர். நான் இரண்டு பேருக்கும் பிள்ளை. இந்த நாட்டில் எனக்கு இடம் வாங்கித் தந்தவர் ஃபைலில் இருப்பவர்.

"அந்த மேடம் இன்னமும் என்னய விசாரிக்கிறாங்களா?" என்று கேட்டார் அப்பா.

"ஆமாப்பா."

"நான் நல்லா இருக்கேன்னு மறக்காம சொல்லு."