வெஸ்லி கடையின் நிழல் பந்தல்

லோர்னா வான்டைனுக்குப் பீரைப் பற்றிப் பாடம் எடுப்பவர்களைக் கண்டாலே ஆகாது. ஆனால் அவளிடம் ஹாப்ஸ் பூ வாங்கிப் பீர் காய்ச்சி விற்கிற மூன்று கடைக்காரர்களும் அந்த ரகம்தான்.

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்ந்த கையோடு, ஓட்சீகோ மலைச்சரிவில் ஹாப்ஸ் கொடி போட்டவள் அவள். கம்பம் நட்டு, கயிறு கட்டி, ஒவ்வொரு கொடியையும் தன் கையாலேயே சுற்றி ஏற்றிவிட்டாள். பீருக்கு மணம் தருவது பெண் கொடியின் பூ. சுற்றுவட்டாரத்தில் ஓர் ஆண் கொடி இருந்துவிட்டால் போச்சு. காற்றில் மகரந்தம் வந்து பூவெல்லாம் விதை கட்டி, பீருக்கு ஆகாமல் போய்விடும். அதனால் ஓடைக்கரை, வேலியோரம் என்று ஒன்று விடாமல் காட்டு ஹாப்ஸ் கொடிகளைத் தேடிப் பிடுங்கினாள்.

"சர்ச்சுக்குப் போனாலும் இவ கண்ணு புதருலதான்" என்று கணவன் இர்வின் அலுத்துக்கொள்வான்.

அப்படியும் போன வருடம் விதை. மறுபடி இப்படியானால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்று மூவரும் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இந்த வருடம் முதல் பூவைத் தேய்த்ததுமே உள்ளங்கையில் விதைகள் உருண்டன. அவளுக்கு அழுகை முட்டியது. ஒளித்து என்ன பயன் என்று பூவோடு, மூவரில் ஒருவனான வெஸ்லியின் மலையடிவாரக் கடைக்கே போனாள்.

வாசல் பந்தலடியில் உட்கார வைத்து, அவன் ஆரம்பித்துவிட்டான்.

"நீங்க இன்னும் கவனமா தேடியிருக்கணும், லோர்னா. விதை இருந்தா பீரோட ருசி இருக்கே..."

லோர்னா எரிச்சலோடு அண்ணாந்து பார்த்தாள். பந்தலில் படர்ந்திருந்த இலை அவளுக்கு மனப்பாடமான இலை. அறுவடைக் காலத்திலும் அதில் ஒரு பூகூட இல்லை.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"அதுவா? ஹாப்ஸ்தான். பீர்க் கடைக்கு எடுப்பா இருக்கட்டும்னு தண்டவாளத்தோரத்துலேருந்து பிடுங்கி வந்து வச்சேன். நிழலுக்கு நல்லாருக்கு. ஆனா சனியன், காய்க்கவே மாட்டேங்குது. ஜூலை வந்தா மேசையெல்லாம் மஞ்சள் தூசி. தொடச்சுத் தொடச்சு என் கையே போச்சு."

"மண்வெட்டி இருக்கா?"

"எதுக்கு?"

"அது ஆண் கொடிடா, புத்திசாலி. நீ தொடச்சது போக மிச்சமெல்லாம் என் பூவுல வந்து விழுந்திருக்கு."

வெஸ்லி உள்ளே ஓடினான். மண்வெட்டியைக் கொண்டுவந்தான். அவள் வேரோடு தோண்டி எறிந்துவிட்டு வியர்வையைத் துடைத்தபோதுதான் மெல்ல வாயைத் திறந்தான்.

"லோர்னா... நல்லாப் படருதேன்னு மத்த ரெண்டு கடைக்கும் இதுலேருந்து பதியம் போட்டுக் குடுத்திருக்கேன்."

லோர்னா மண்வெட்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தன் வண்டியின் பின்னால் போட்டாள்.

"ஏறு. இனிமே தோண்டப் போறது நீ."