முட்டை இல்லாத பணியாரம்

எங்கள் வெம்பிளி வீட்டுச் சமையலறைச் சுவரில் வார்ப்பிரும்புச் சட்டி ஒன்று தொங்குகிறது. அதில் ஏழு குழிகள். டென்மார்க்கில் பிறந்து எங்களுக்கு அயல்வீட்டுக்காரராக வாழ்ந்த மூதாட்டி ஒருவரின் சட்டி அது. கிறிஸ்து பிறந்த நாளான நத்தார் நெருங்கும் நாட்களில் அதில் மாவூற்றி, ஓரம் வெந்ததும் பின்னல் ஊசியால் மெல்ல மெல்லத் திருப்பி, பந்துபோன்ற பணியாரங்களைச் சுட்டெடுப்பார். எங்கள் ஊரில் எண்ணெயில் பொரிக்கும் உருண்டைப் பலகாரத்தை நினைத்து, ‘வெள்ளைக்கார வாய்ப்பன்’ என்று என் மனைவி அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தாள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மார்கழியில் எனக்கு வயிற்றில் சத்திரசிகிச்சை நடந்தது. வீடு திரும்பியபின் சோறும் கஞ்சியும் உள்ளே தங்கவில்லை. உடல் தேற முட்டையாவது உண்ண வேண்டும் என்றார் வைத்தியர். பிறந்தது முதல் சைவம் காத்தவன். முடியாதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மறுநாள் அயல்வீட்டம்மா தம் சட்டியோடு எங்கள் சமையலறைக்கு வந்தார். சற்று நேரத்தில் மனைவி ஒரு தட்டை ஏந்தி மாடிக்கு வந்தாள்.

“இஞ்சேருங்கோ, வெறும் மாவும் பாலும்தான். முட்டை போடேல்லை. ஒண்டு சாப்பிட்டுப் பாருங்கோ.”

கிண்ண விளிம்பில் முட்டை ஓடு உடைந்த ஒலி மாடிவரை எனக்குக் கேட்டிருந்தது. முதல் வாயிலேயே மணமும் தெரிந்தது. அவள் கண்ணைப் பார்த்தேன். அது தட்டை விட்டு எழவில்லை. இனியொரு பிறவி வேண்டாம் என்று நாள்தோறும் இறைவனிடம் பாடியவன், அந்தக் கணத்தில் இந்தப் பிறவியை விட மனமில்லாதவனாய் இருந்தேன். வேறு கேள்வி கேளாமல் தட்டை வெறுமையாக்கினேன்.

அதுவே வயிற்றில் தங்கியது. தை பிறந்தபோது எழுந்து நடமாடினேன். முன்பெல்லாம் காலையில் மாடியிலுள்ள சாமியறையில் இருவரும் அருகருகே அமர்ந்து பதிகம் பாடுவோம். அதன்பின் அவள் உள்ளே வரவில்லை. “முழங்கால் நோகுது, நான் இதிலயே இருக்கிறன்” என்று கதவடியில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டாள். மாடிப்படி ஏறும்போது நோகாத முழங்கால் அது. பொய் சொல்லி என் ஆசாரத்தைக் கெடுத்துவிட்டதாக எண்ணித் தன்னைத் தானே வெளியே நிறுத்திக்கொண்டாள் என்பது எனக்குப் புரிந்தது. எனக்கு அன்றே தெரியும் என்று சொன்னால், அறிந்தே உண்டவனாகிவிடுவேன். ஆகவே பாவத்தை அவள் பக்கம் விட்டுவிட்டு, தூயவனைப்போல உள்ளே இருந்து பாடினேன். ஆண்டுகள் பல கழிந்தன.

தொண்ணூறுகளின் நடுவில் அயல்வீட்டம்மா முதியோர் இல்லம் சேர்ந்தார். சட்டியை மனைவியிடம் கொடுத்துப் போனார். அந்த நத்தாருக்கு அவருக்குப் பணியாரம் கொண்டுபோக இவள் ஆசைப்பட்டாள். ஆனால் முட்டை சேர்த்தால் பழைய பொய் வெளிப்பட்டுவிடும். நான் பார்த்திருக்க, முட்டையில்லாமலே ஊற்றினாள். ஊசி பட்டதும் ஒவ்வொன்றாய் உடைந்து குழியில் ஒட்டியது. சுரண்டிக் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினாள், மறுபடியும் உடைந்தது. நான் சப்பாத்தை மாட்டிக்கொண்டு முனைக்கடைக்குப் போய், வாழ்நாளில் முதன்முறையாக ஒரு பெட்டி முட்டை வாங்கிவந்து அவள் முன்னே வைத்தேன்.

“அண்டைக்குப் போட்ட மாதிரியே போடும்.”

ஊசி அவள் கையில் அப்படியே நின்றது. “எப்பவிருந்து தெரியும்?”

“அண்டைக்கே தெரியும்.”

அவள் அழவில்லை. “அப்ப இவ்வளவு காலமும் என்னை ஏனப்பா கதவடியில இருக்க விட்டனீங்கள்?”

நான் பெட்டியைத் திறந்து அவள் பக்கம் தள்ளினேன். அவள் முட்டையை எடுத்துக் கிண்ண விளிம்பில் தட்டினாள்.

மறுநாள் காலை அவளை உள்ளே இருத்திவிட்டு முக்காலியில் நான் அமர்ந்தேன். அன்று முதல் அதுவே என் இடம். இன்று காலையும் அந்தச் சட்டிக்கு எண்ணெய் தடவி மாட்டிவிட்டு, மாடியேறி முக்காலியில் அமர்ந்தேன்.

“உள்ளுக்கு வாங்கோவன்” என்றாள்.

“முழங்கால் நோகுது.”

“பொய்” என்றாள் அவள். அன்று தட்டை விட்டு எழாத அந்தக் கண், இப்போது நேராக என்மேல் இருந்தது.