எந்தத் தேதியிலிருந்து மூன்று வருஷம்

லாரி ஷெட்டில் அவருக்குப் பிரேக்கண்ணன் என்று பெயர். பச்சை விளக்கு எரியும்போதே, எப்படியும் மாறத்தானே போகிறது என்று வேகத்தைக் குறைக்கிற மனிதர். இருபத்திரண்டு வருஷம் நெடுந்தூர லாரி ஓட்டியும் லைசென்ஸில் ஒரு கீறல் கிடையாது. அப்படிப்பட்டவர் மேல்தான் சிவப்பு விளக்கைத் தாண்டியதாக நோட்டீஸ் வந்தது.

அது நடந்தது மார்ச் ஒன்பதாம் தேதி, காலை பத்து இருபத்திரண்டுக்கு. சிக்னலில் நின்றுகொண்டிருந்தவருக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் அலறியது. பக்கத்தில் ஒதுங்க இடமில்லை. கோட்டைத் தாண்டி ஒரு லாரி நீளம் முன்னே போய், ஓரம் கட்டி வழிவிட்டார். கம்பத்துக் கேமரா லாரியைப் படம் பிடித்தது. ஆம்புலன்ஸ் படத்துக்குள் வரவில்லை.

"கட்டித் தொலைச்சிட்டு வேலையைப் பாருண்ணே" என்றான் கூட்டாளி சொட்டை. "நான் போன மாசம் போன்ல பேசிக்கிட்டே சிவப்பைத் தாண்டினேன். மூணாம் நாள் ஒத்துக்கிட்டுக் கட்டிட்டேன். கதை முடிஞ்சுது."

"நீ தாண்டினே, கட்டினே. நான் எதுக்குடா கட்டணும்?"

வீட்டில் மனைவியும் அதையேதான் சொன்னாள். "பண்ணாத தப்புக்கு ஏன் கையெழுத்துப் போடணும்? போய் நடந்ததைச் சொல்லுங்க. கேக்காமயா போயிடுவாங்க?"

கேட்டார்கள். பதினாலு மாதம், ஐந்து வாய்தா. மறுவருஷம் மே பதினேழாம் தேதி நீதிபதி படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இதுல ஆம்புலன்ஸ் எங்கேப்பா?" என்றார். குற்றம் உறுதியானது. அபராதத்தைக் கட்டிவிட்டு, மூன்று வருஷத்தில் பதிவு தானாக அழிந்துவிடும் என்று யாரோ சொன்னதை மனதில் முடிந்துகொண்டு வந்தார்.

அந்த வருஷக் கடைசியில்தான் மனைவிக்கு வலிப்பு ஆரம்பித்தது. இரண்டாவது முறை அடுப்பருகே விழுந்தாள். எதிர்வீட்டுக்காரி தற்செயலாக எட்டிப் பார்த்ததால் முழங்கை மட்டும் வெந்து தப்பித்தாள். அவர் அப்போது நானூறு கிலோமீட்டர் தள்ளி, சிமெண்டு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவருக்கு ஒரே நினைப்பு: சாயங்காலம் வீடு திரும்புகிற வேலை ஒன்று வேண்டும்.

ஒரு வருஷத்துக்கு மேல் தேடி அப்படி ஒன்று வந்தது. பள்ளிக்கூட பஸ்ஸுக்கு இரண்டு டிரைவர்கள் தேவை. நிபந்தனையும் இரண்டுதான்: லைசென்ஸ் பதிவில் குற்றம் எதுவும் இருக்கக் கூடாது, நாற்பத்தைந்து வயது முடிந்திருக்கக் கூடாது. அவருக்கு ஜூலை இரண்டில் நாற்பத்தைந்து முடிகிறது. மார்ச் ஒன்பதோடு மூன்று வருஷம் பூர்த்தி. விரல் விட்டு எண்ணி எண்ணிப் பார்த்து, பத்தாம் தேதி காலை முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையில், சொட்டையையும் கூட்டிக்கொண்டு லைசென்ஸ் ஆபீசில் பதிவு நகல் வாங்கப் போனார்.

சொட்டையின் தாள் முதலில் வந்தது. சுத்தம்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் இவருடையதைப் பார்த்து நிமிர்ந்தாள். "உங்க பேர்ல ஒண்ணு இருக்கே சார்."

"அது நேத்தோட போயிருக்கணும்மா. ஒன்பதாம் தேதி நடந்தது."

"நடந்த தேதி கணக்கில்ல சார். குற்றம்னு முடிவான தேதியிலிருந்துதான் மூணு வருஷம். உங்களுக்கு அடுத்த வருஷம் மே பதினேழு."

"இவனுக்கு மட்டும்?"

"அவர் மூணாம் நாளே ஒத்துக்கிட்டார். அன்னைக்கே முடிவாயிடுச்சு."

"அப்போ நான் கோர்ட்டுக்குப் போகாம இருந்திருந்தா..."

"இந்த மாசத்துக்குள்ள உங்களுதும் சுத்தமாயிருக்கும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நான் என்ன சார் பண்றது? கம்ப்யூட்டர் தேதியைத்தான் பாக்கும்."

வாசலுக்கு வந்ததும் சொட்டை, "அன்னைக்கே சொன்னேன்ல..." என்று ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்து மென்று விழுங்கினான். "நான் வேணா விண்ணப்பம் போடாம இருக்கட்டுமாண்ணே?"

"நீ போடலைன்னா எனக்குக் குடுத்துருவானா? போய்ப் போடுறா."

வீட்டில் மனைவி அவரை நிறுத்திவைத்துக் கேட்கவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிய விதத்திலேயே புரிந்துகொண்டாள். இருந்தாலும் அவர் எல்லாவற்றையும் தேதி தேதியாகச் சொன்னார். சொட்டையின் மூன்றாம் நாளையும் விடாமல் சொன்னார்.

"பஸ்ஸு அவனுக்கா?"

"கிடைச்சிரும்."

கொஞ்ச நேரம் அவள் முழங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"கட்டாதீங்கன்னு சொன்னது நான்தான்" என்றாள்.

அப்போது ஷெட்டிலிருந்து போன் வந்தது. ஆறு நாள் நடை, மூன்று மணிக்கு லோடு ஏற்ற வேண்டும். அவர் சரி என்றார். மாற்றுத்துணியைப் பையில் திணித்தார். வீட்டுச் சாவி ஒன்று எதிர்வீட்டுக்காரியிடம் இருக்கிறதா என்று மனைவியைக் கேட்டார், இருக்கிறது என்றாள்.

நீ சொன்னதால் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொல்லாமலே செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.