சாம்பிள் அனுப்புங்க, பார்த்துச் சொல்றேன்

இன்று மரக்காணத்தில் புதுச்சேரி பஸ் ஏறி உட்கார்ந்ததும், நம் கெமிக்கல் கன்சல்டன்ட் நெட்வொர்க்கிலிருந்து வருடக் கடைசித் தொகுப்பு போனுக்கு வந்தது.

இந்த ஆண்டு அதிகம் பதில் சொன்ன உறுப்பினர்: கூனிமேடு ரஹீம் பாய்.

பாய் மவுத்தாகி எட்டு மாதம் ஆகிறது.

பயப்பட ஒன்றுமில்லை. அவர் ஆட்டோ ரிப்ளை போட்டு வைத்திருந்தார். நாம் எழுதிய ஒவ்வொரு இரங்கலுக்கும், "சாம்பிள் அனுப்புங்க, பார்த்துச் சொல்றேன்" என்று பதில் போயிருக்கிறது. எண்ணிக்கை அப்படித்தான் ஏறியிருக்கும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையிலிருந்த பாட்டிலைப் படமெடுத்து அவருக்கே அனுப்பினேன். காலையில் உப்பளத்தில் வேலை பார்க்கும் செல்வியக்கா, "உப்பு கசக்குது சார், இன்னான்னு பாருங்க" என்று உப்புப் பாத்தியிலிருந்து பிடித்துக் கொடுத்த தண்ணீர் அது.

வழக்கமான பதில் உடனே வந்தது.

பஸ் கூனிமேட்டைத் தாண்டும்போது இன்னொன்று வந்தது.

"மூணாவது பாத்தி தண்ணிதானே? முத்திப்போச்சு, அதான் கசப்பு. திறந்து விட்டுட்டு புதுத் தண்ணி பாய்ச்சச் சொல்லுங்க."

பாட்டிலில் எதுவும் எழுதியிருக்கவில்லை. எந்தப் பாத்தி என்று எனக்கே தெரியாது. செல்வியக்காவுக்குப் போன் போட்டேன்.

"மூணாவதுதான் சார். ஏன், எதுனா பிரச்சினையா?"

உங்களில் வேறு யாருக்காவது அவரிடமிருந்து இரண்டாவது பதில் வந்திருக்கிறதா?

அட்மின், பாயின் ஐடியை இப்போதைக்கு நீக்கிவிடாதீர்கள். என் பையில் இன்னும் ஒரு பாட்டில் இருக்கிறது.