இடது லிங்க் ஏன் வளைந்தது

இதைப் படித்துவிட்டு யாராவது சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. என் சித்தப்பாவும் முதலில் சிரித்தவர்தான். ஆனால் ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. எல்லாம் பட்டப்பகலில் நடந்தது. இருட்டில் எதையோ பார்த்து மிரண்டுவிட்டாள் என்று சொல்லவும் வழியில்லை.

நான் டிராக்டர் ஓட்டுகிறவள். பதினோரு வருடமாக அதுதான் பிழைப்பு. போன வருடம் சித்தப்பா தன் வண்டிக்கு டிரைவர் கிடைக்கவில்லை என்று என்னைக் கூப்பிட்டார். அவருக்கும் எனக்கும் என்றைக்குமே ஆகாது. ஊரில் இத்தனை டிரைவர் இருக்க, என்னை ஏன் கூப்பிடுகிறார் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

வேலை, உழுத வயலில் பரம்படிப்பது. வண்டிக்குப் பின்னால் கனத்த பலகையை மாட்டி, மேடுபள்ளத்தைச் சமப்படுத்த வேண்டும். வண்டியின் பின்பக்கம் இரண்டு கைகளைப்போல நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புகள்தான் அந்தப் பலகையைத் தாங்கும். லிங்க் என்போம். சீட்டுக்குப் பக்கத்து லீவரை இழுத்தால் லிங்க் எழும்பி, பலகையைத் தூக்கும்.

முதல் வாரமே இடது லிங்க் வளைந்தது. மாற்றினோம். ஆறாம் நாள் புதியதும் வளைந்தது.

"வண்டிய ஒடச்சு என்னைத் தெருவுல நிறுத்தணும்னே வந்திருக்கியா?" என்றார் சித்தப்பா. "இன்னொரு தடவை வளைஞ்சா சாவிய வச்சிட்டுப் போயிரு."

வளைந்த லிங்க்கை மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"திரும்பும்போது பலகையத் தூக்குறியா?"

"ஒவ்வொரு தடவையும் தூக்குறேண்ணா."

"தூக்காம திரும்புனா பக்கவாட்டுல வளையும். இது கீழ வளைஞ்சிருக்கு. பாரத்தோட தூக்கியிருக்க. பின்னால யாரை ஏத்துற?"

"யாரையும் ஏத்தல."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். புது லிங்க் போட்டார். யாரோ செருகியிருந்த பழைய போல்ட்டை உருவி எறிந்துவிட்டு, அளவான இரும்புப் பின் ஒன்றை மாட்டி, பூட்டுக் கம்பியும் போட்டார். லிங்க் ஆடி டயரில் இடிக்காமல் இருக்க இரண்டு பக்கச் சங்கிலிகளையும் முறுக்கினார்.

"இனிமே ஆள் ஏறினாத்தான் வளையும்" என்றார்.

வியாழக்கிழமை. பிற்பகல் 2:30க்கு வயலில் இறங்கினேன். மோட்டார் அறை இருக்கும் மூலைக்கு வரும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

3:40. அந்த மூலையில் திரும்புவதற்காக லீவரை இழுத்தேன். இன்ஜின் முக்கியது. முன்சக்கரங்கள் லேசாகத் தரையை விட்டு எழும்பின. பின்னால் திரும்பிப் பார்த்தேன். பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்து, எழ முடியாமல் நின்றது.

இடது பக்கம்.

பலகை முழுக்கப் புழுதி. இடது ஓரத்தில் மட்டும் ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்குச் சுத்தமாக இருந்தது...

கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

3:52. அதே மூலை. டொக்... டொக்.

இடது மட்கார்டில் சத்தம். சங்கிலி தளர்ந்துவிட்டது என்று நினைத்தேன். இறங்கிப் பார்த்தேன். சங்கிலி இறுக்கமாகத்தான் இருந்தது. இரும்புப் பின்னும் அதன் இடத்தில் இருந்தது.

ஏறி உட்கார்ந்தேன்.

4:05. டொக்... டொக்.

திரும்பவில்லை. திரும்பப் பயமாக இருந்தது.

என் சட்டையின் பின்பக்கத்தை யாரோ கொத்தாகப் பிடித்தார்கள்.

இன்ஜினை அணைத்தேன்.

அமைதி.

பலகை மெல்ல எழும்பியது... படுத்திருந்த ஆள் எழுந்ததும் கயிற்றுக்கட்டில் எழும்புமே, அப்படி. இன்ஜின் ஓடாமல் அது எழும்பாது.

கீழே பார்த்தேன். மோட்டார் தண்ணீர் கசிந்து ஈரமாகியிருந்த மண்ணில் காலடி. வெறுங்கால். பலகையிலிருந்து என்னை நோக்கி ஒன்று... இரண்டு... மூன்று.

நான்காவது இல்லை.

வலது பக்கமாகக் குதித்து ஓடினேன். சாவியைக்கூட எடுக்கவில்லை.

சித்தப்பாவிடம் சொன்னேன். சிரித்தார். "பயந்தாங்கொள்ளிக்கு எதுக்கு டிராக்டர்" என்றார். மட்கார்டில் தட்டிய சத்தத்தைச் சொன்னபோது சிரிப்பு நின்றது.

"எத்தனை தடவை தட்டுச்சு?"

"ரெண்டு."

"இதை வெளிய எங்கயும் பேசாத" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ரெண்டு வருஷம் முன்னால உங்க சித்தப்பாதான் ஓட்டிட்டிருந்தார். பாரத்துக்குன்னு கூலியாள் ஒருத்தரைப் பலகை மேல உக்கார வைப்பார். வேணாம்னு நானே சொல்லியிருக்கேன். கேக்கல. எறங்கணும்னா அந்த ஆள் மட்கார்டுல ரெண்டு தட்டு தட்டணும். ஒரு நாள் தட்டியிருக்காரு. இவரு நிறுத்தல. அப்படியே தூக்கித் திருப்பியிருக்காரு. ஆள் விழ, பலகை அவரு மேலயே எறங்கிருச்சு."

"செத்துட்டாரா?"

"அதுக்கப்புறம் யாரும் பாக்கல. அவரு குடும்பம் மர மில் சந்துக்குக் குடிபோயிருச்சு. வேலைய விட்டு நின்னுட்டான்னு உங்க சித்தப்பா சொல்லிட்டார். அதுக்கப்புறம் அஞ்சு டிரைவர் வந்து போயாச்சு. நீ ஆறாவது."

சனிக்கிழமை அந்த வீட்டைத் தேடிப் போனேன். மாலை 4:20. தகரக் கதவு. ஒரே அறை. சுவரோரம் இரும்புக் கட்டில், மேலே ஒரு பழைய போர்வை. கதவைத் திறந்த அம்மாளிடம் நான் யாரென்று சொன்னேன்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் போனது எனக்கு இப்பதான் தெரிஞ்சுது..."

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள்.

"எங்க போனார்?"

விலகி நின்றாள். கட்டிலில் ஓர் ஆள் கிடந்தார். கண் மூடியிருந்தது.

"முதுகெலும்பு போச்சு. ரெண்டு வருஷமாப் பேச்சுமில்ல, அசைவுமில்ல. உங்க சித்தப்பா ஒரு தடவை எட்டிப் பாக்கல." அவள் குரலில் கண்ணீர் இல்லை. "இதைப் பாத்துட்டுப் போ. சில நாள் இப்படித்தான்."

போர்வையை விலக்கினாள்.

இரண்டு பாதங்களிலும் சேறு. விரலிடுக்கெல்லாம் ஈரமண்.

"இப்பதான் மத்தியானம் துடைச்சேன்" என்றாள்.

வண்டியை எடுக்க இன்றைக்கு யாருமில்லையே, சித்தப்பாவே ஏறியிருந்தால்... சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். 4:31. எடுத்தார். பின்னால் இன்ஜின் சத்தம்.

"நானே ஓட்டிட்டிருக்கேன். இங்க ஒரு பேயையும் காணோம்."

"சித்தப்பா, எறங்குங்க. நிறுத்திட்டு எறங்குங்க."

"போடி, போய் வேலை..."

போனில் கேட்டது. டொக்... டொக்.

அதே நேரம், எனக்குப் பின்னால் கட்டில் இரும்பிலும்.

"என்னடி சத்தம் அது..." என்றார் சித்தப்பா.

இணைப்பு அறுந்தது.

நான் கட்டில் பக்கம் திரும்பவில்லை. ஓடினேன்.

சித்தப்பா சாகவில்லை. மோட்டார் அறை மூலையில் பலகைக்கு அடியில் கிடந்தவரை எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முதுகெலும்பு போய்விட்டது. பேச்சும் வரவில்லை. தனியாக ஓட்டியவர் பலகைக்கு அடியில் எப்படிப் போனார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

மூன்று வாரம் கழித்து அந்த அம்மாள் எனக்குப் போன் செய்தாள். நலம்கூட விசாரிக்கவில்லை. ஒன்றே ஒன்றைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நான் வந்துபோன அன்றைக்கு, சாயங்காலம் ஐந்தரைக்கு, அவள் புருஷன் தானாகக் கட்டிலை விட்டு எழுந்து, பின்பக்கக் குழாயடிக்கு நடந்துபோய்க் கால் கழுவிக்கொண்டாராம்.